வாடகை அக்ரிமென்ட்ல 'அட்வான்ஸ்'னு மட்டும் எழுதினா போதுமா?

பெரம்பூர்_வாசி: "அட்வான்ஸ் ரூ.1,50,000"னு ஒரே வரி போதும். சென்னையில வீட்டு அட்வான்ஸ்னா காலி பண்ணும்போது திரும்பி வர்ற பணம்னு எல்லாருக்கும் தெரியும். நீட்டி எழுதினா ஓனர் மிரளுவார், வீடு கைவிட்டுப் போயிடும்.

பத்திரம்_படிப்பவன்: இதே ஊர்லதான் சம்பள அட்வான்ஸ் அடுத்த சம்பளத்துல கழியுது. கல்யாண மண்டபத்துக்குக் கட்டின அட்வான்ஸ், கேன்சல் பண்ணினா பெரும்பாலும் போச்சு. மனைக்குக் கொடுத்தா அது விலையில ஒரு பகுதி. மனை விஷயத்துல கோர்ட்டே பிரிச்சுப் பார்க்குது: வாங்கறவர் பின்வாங்கினா, வாங்கறதுக்கு உறுதியா கொடுத்த அச்சாரத்தை விக்கிறவர் வெச்சுக்கலாம், விலையில ஒரு பகுதியா வந்த முன்பணத்தை வெச்சுக்க முடியாதுன்னு 2012ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ரெண்டையுமே நாம அட்வான்ஸ்னுதான் சொல்றோம்.

பெரம்பூர்_வாசி: அது விற்பனை. வாடகைக்குத் தனியா தமிழ்நாட்டுல 2017 சட்டம் இருக்கு, 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்தது. வீட்டை ஒப்படைச்ச ஒரு மாசத்துக்குள்ள, பாக்கி இருந்தா கழிச்சிட்டு மீதியைத் தரணும். மூணு மாச வாடகைக்கு மேல வாங்கவும் கூடாது.

பத்திரம்_படிப்பவன்: மூணு மாசம்ங்கறது வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாதப்பதான். பத்து மாசத்துக்குச் சம்மதிச்சுக் கையெழுத்து போட்டா பத்துதான். தகராறு வர்றதே அந்த "கழிச்சிட்டு"ல. கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லுவார் குடியிருக்கிறவர். ஓனர் பெயின்ட்டுக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிப்பார். ஆணி அடிச்ச ஓட்டையும் உடைஞ்ச குழாயும் ஒரு கணக்கு. வெயில்ல வெளுத்த சுவர் வேற கணக்கு, அது குடியிருந்தவர் தலையில வரக்கூடாது. அதனால இப்படி எழுதுங்க: "வட்டியில்லாமல் திருப்பித் தரவேண்டிய அட்வான்ஸ் ரூ.1,50,000. வாடகை பாக்கி, கரன்ட் பில், பில்லுடன் காட்டப்படும் சேதம் தவிர வேறு பிடித்தம் இல்லை." பெயின்ட்டுக்குப் பிடிக்கறதா பேசியிருந்தா தொகையையும் போட்டுடுங்க.

வேளச்சேரி_மாடி: பேங்க் மூலமா அனுப்பி, டிரான்ஸாக்ஷன் நம்பரையும் தேதியையும் அதே வரியில சேர்த்துடுங்க. டோக்கனா முன்னாடி கொடுத்த 5,000 இந்த 1,50,000ல அடக்கமான்னும் எழுதணும். நிறைய பேர் அதைத்தான் விட்டுடறாங்க.

பெரம்பூர்_வாசி: டோக்கன், பெயின்ட் ரெண்டும் எழுத வேண்டியதுதான். "பில்லுடன்"னு போட்டா எந்த ஓனரும் கையெழுத்து போட மாட்டார்.

பத்திரம்_படிப்பவன்: அப்ப சாவி வாங்கற அன்னைக்கே சுவர், குழாய், சுவிட்ச் போர்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து, அவர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி வையுங்க.