போர் தண்ணில எண்ணெய் வாசம், பார்த்து சொல்ல ஆள் வேணும்

எல்லாருக்கும் வணக்கம், நமக்கு திருவாரூர் பக்கம், தாத்தா காலத்து நிலம், சம்பா மட்டும் போடுறோம். போன கோடைல இறக்குன போர்ல தண்ணி மேல வானவில் கலர்ல படலம் நிக்குது, மண்ணெண்ணெய் மாதிரி வாசமும் வருது. இரும்புச்சத்து தண்ணிலயும் இப்படி படலம் வரும், குச்சியால தொட்டா துண்டு துண்டா உடையும்னு சொல்றாங்க, ஆனா இது உடையல, திரும்ப ஒண்ணா சேந்துக்குது. மோட்டார் ஆயிலா இருக்குமோன்னு அதையும் பார்த்தாச்சு, லீக் இல்ல.

நரிமணம், கோவில்களப்பால், குத்தாலம்னு நம்ம பக்கமே ஓஎன்ஜிசி கிணறு இருக்கறதால சித்தப்பா இப்பவே கோடீஸ்வரன் கணக்குல பேசுறாரு 😀 பூமிக்கடியில எண்ணெய் இருந்தா அது நமக்கு சொந்தம் இல்ல, அரசாங்கத்துக்குதான், 2020 வேளாண் மண்டல சட்டப்படி டெல்டால புதுசா எண்ணெய் கிணறும் தோண்ட முடியாதுன்னு சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்குறாரு. அதுக்குள்ள ஒரு புரோக்கர் வேற வந்து அட்வான்ஸ் கேக்குறான், குடுக்கறதா இல்ல.

எனக்கு கவலையே வேற, இது ஊத்தா இல்ல எங்கயாவது பழைய பைப்லைன் கசிவான்னு தெரியணும், கசிவுன்னா அந்த தண்ணிய நாத்துக்கு பாய்ச்சலாமா, மாடு குடிக்கலாமா. அதனால ஜியாலஜி படிச்சவங்க, இல்ல எண்ணெய் கம்பெனில வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, நேர்ல வந்து பாக்கணும், பீஸ் குடுத்துடுவோம். தண்ணில ஹைட்ரோகார்பன் டெஸ்ட் பண்ற நம்பகமான லேப் தஞ்சாவூர், திருச்சில இருந்தாலும் சொல்லுங்க, சாம்பிள் பிளாஸ்டிக் பாட்டில்ல எடுக்கக்கூடாது, கண்ணாடிலதான் எடுக்கணும்ங்கறாங்க, எப்படி எடுக்கணும்னும் சொன்னா நல்லது.