புதுப்பிப்பு: விண்டோஸ் 11-இல் உபுண்டு ஃபோல்டர் திறந்துவிட்டது

உபுண்டு (லினக்ஸ்) கணினியில் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியே பகிர்ந்த ஃபோல்டர் விண்டோஸ் 10-இல் திறக்கிறது, புது விண்டோஸ் 11 மட்டும் அடம்பிடிக்கிறது என்று கேட்டிருந்தேன் அல்லவா? காரணம் பிடிபட்டது. ஃபயர்வாலில் குறையில்லை.

விண்டோஸ் 11 ப்ரோவில் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எம்பி (சாம்பாவும் விண்டோஸும் கோப்புகளைப் பகிரும் முறை) இணைப்புக்குக் கையொப்பம், அதாவது தகவல் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை, கட்டாயம். கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் இணைப்பில் கையொப்பமிட வழியே இல்லை. அதனால் விண்டோஸ் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடலாம்தான், எனக்கு மனம் வரவில்லை.

சாம்பாவில் ஒரு பயனரைச் சேர்த்துக் கடவுச்சொல் கொடுத்தேன். (உபுண்டுவின் லாகின் கடவுச்சொல் இங்கே செல்லாது, சாம்பா தனிப் பட்டியல் வைத்திருக்கிறது.) அப்புறம் விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பதிவை நீக்கிப் புதியதைப் போட்டதும் ஃபோல்டர் திறந்தது.

நெட்வொர்க் பகுதியில் உபுண்டுவின் பெயர் தெரியாதது வேறு சங்கதி. அதற்கு உபுண்டுவில் டபிள்யூஎஸ்டிடி (wsdd, கணினியின் பெயரை விண்டோஸுக்கு அறிவிக்கும் நிரல்) நிறுவ வேண்டும். இப்போதைக்கு ஐபி முகவரியை அடித்தே போய்க்கொண்டிருக்கிறேன்.