போன் மாற்றும்போது ஆதென்டிகேட்டர் ஆப்பை என்ன செய்வது?

கேள்வி: பழைய போனை விற்கப் போகிறேன். ஏழெட்டுக் கணக்குகளில் நுழையும்போது கடவுச்சொல்லோடு கேட்கும் 6 இலக்கக் குறியீடு அதிலுள்ள ஆதென்டிகேட்டர் ஆப்பில்தான் வருகிறது. சிம்மை மாற்றிப் போட்டால் போதுமா?

பதில் 1: போதாது. அந்தக் குறியீட்டுக்கும் சிம்முக்கும் சம்பந்தமே இல்லை. முதலில் ஸ்கேன் செய்த க்யூஆர் கோடில் ஒரு ரகசியச் சாவி இருந்தது. அதையும் போனின் நேரத்தையும் வைத்து 30 நொடிக்கு ஒருமுறை ஆப்பே கணக்கிடுகிறது. கூகுள் ஆதென்டிகேட்டர் என்றால் மெனுவில் கணக்குகளை இடமாற்றும் வசதி உண்டு; பழைய போனில் ஏற்றுமதி கொடுத்து, வரும் க்யூஆர் கோடைப் புதிய போனில் ஸ்கேன் செய்யுங்கள். அதை இன்னொரு போனில் படமெடுத்து வைக்காதீர்கள், எல்லாச் சாவியும் அதற்குள்தான். புதிய போனில் வரும் குறியீட்டைப் போட்டு ஒவ்வொரு கணக்கிலும் உள்ளே போய்ப் பார்த்த பிறகே பழைய போனை ரீசெட் செய்யுங்கள்.

பதில் 2: குறியீடு தவறு என்று வந்தால் முதலில் போன் கடிகாரத்தைத் தானியங்கி நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஆப் கைவசம் இல்லாதபோது உள்ளே போக உதவும் பேக்கப் குறியீடுகளையும் எடுத்துவிடுங்கள். கூகுள் 10 தரும், ஒவ்வொன்றும் ஒரே தடவைதான் செல்லும். தாளில் எழுதுங்கள், அதே போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்து என்ன பயன்?

கேள்வி கேட்டவர்: பேசாமல் எஸ்எம்எஸ் ஓடிபிக்கே மாறிவிடலாமா?

பதில் 1: வேறு வழியே இல்லாத கணக்குக்கு மட்டும். உங்கள் பெயரில் வேறொருவர் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும்.