நிறுவனம் மாறிய நிதி ஆலோசகர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நியூஜெர்சியில் நிதி ஆலோசகராக இருக்கிறேன். இரண்டு புரோக்கரேஜ் நிறுவனங்கள் கூப்பிடுகின்றன. முதலாவது, நான் கடந்த 12 மாதத்தில் ஈட்டித் தந்த வருவாயைப் போல இரண்டு மடங்கு முன்பணமாகத் தருகிறதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்திரத்தைப் படித்தால் அது 10 ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுபடியாகும் கடன். நடுவில் விலகினால் மீதியைக் கட்ட வேண்டும். தள்ளுபடியாகும் தொகைக்கு வருடாவருடம் வரி வேறு.

இரண்டாவதில் முன்பணம் குறைவு, கமிஷன் பங்கு அதிகம். என் மனசு இதில்தான். சிக்கல் என்னவென்றால், ஆலோசகர் நிறுவனம் மாறும்போது வழக்குப் போடாமல் இருக்க நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட புரோக்கர் புரோட்டோகால் என்ற உடன்பாட்டில் அவர்கள் இல்லை. இருந்தால் வாடிக்கையாளர் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணையாவது எடுத்துப் போகலாம்.

இப்படி மாறியவர்களுக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் கூடவே வந்தார்கள்? அப்புறம், இப்போதைய நிறுவனம் பிறகு தருவதாக ஒத்திவைத்து, விலகினால் விட்டுப்போகும் போனஸுக்குப் புது நிறுவனத்திடம் ஈடு கேட்டால் தருவார்களா? ஒப்பந்தம் பார்க்க நல்ல வக்கீல் தெரிந்தாலும் சொல்லுங்கள்.