டிஃப்யூசருக்குத் தமிழ்ச்சொல்: ஒலிச்சிதறியா, ஒலிவிரவியா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டடக்கலை மாணவர்களுக்கான ஒலியியல் நூலின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். 'டிஃப்யூசர்' மட்டும் இழுபறியில் நிற்கிறது. அரங்கின் வழவழப்பான பின்சுவரில் படும் ஒலி, எதிரொலியாக மேடைக்கே திரும்பி வந்து பாடகரைத் தடுமாற வைக்கும். அங்கே ஒலியை உறிஞ்சும் பலகையை அடித்தால் எதிரொலியோடு அரங்கின் முழக்கமும் குறைந்துவிடும். ஆற்றலைப் பெரிதும் இழக்காமல் பல திசைகளுக்கும் பிரித்தனுப்பும் மேடுபள்ளப் பரப்பே டிஃப்யூசர். 1870இல் திறக்கப்பட்ட வியன்னாவின் மூசிக்ஃபெரைன் அரங்கில் பொன்முலாம் பூசிய சிலைகளும் சுவர் வேலைப்பாடுகளும் இப்பணியைச் செய்கின்றன. 'ஒலிபரப்பி' என்றால் வானொலி நினைவுக்கு வரும் என்பதால் 'ஒலிச்சிதறி' என எழுதியுள்ளேன்.

*

ஐயா, எனக்கு உடன்பாடில்லை. சிதறுதேங்காயின் சில்லு எங்கே விழும் என்று உடைத்தவருக்கே தெரியாது. ஜெர்மானிய இயற்பியலாளர் மன்ஃபிரெட் ஷ்ரோடர் 1970களில் வகுத்த டிஃப்யூசர் பலகையோ முழுக்கக் கணக்கு. 0 முதல் 6 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை 7ஆல் வகுத்தால் 0, 1, 4, 2, 2, 4, 1 என மீதி வரும். பள்ளங்களின் ஆழமும் அதே விகிதத்தில் அமையும். ஆழத்துக்கேற்ப ஒலி திரும்பும் நேரம் மாறுவதால், அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு ஆற்றலைத் திசைகளுக்குப் பங்கிடுகின்றன. 'ஒலிவிரவி' என்பதே தகும். இரு திணைக்கும் பொதுவானதைத் தொல்காப்பியர் விரவுப்பெயர் என்றார். ஒருபக்கம் சாயாமை அச்சொல்லிலேயே இருக்கிறது.

*

விரவுதல் என்பது கலத்தல். திணை இரண்டும் கலந்ததால்தான் அது விரவுப்பெயர். சுவரில் பட்ட ஒலி எதனோடு கலக்கிறது? சிதறல் என்றால் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் புரியும்.

*

இயற்பியல் நூல்களில் சிதறல், விரவல் இரண்டும் வெவ்வேறு பொருளில் நிலைத்துவிட்டன என்பதை மறக்க வேண்டாம். பரப்புகளின் ஒலிச்சிதறலை அளப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 17497இன் முதற்பகுதி, கண்ணாடி போலத் திரும்பும் திசையை விட்டு விலகிய ஆற்றலின் பங்கை அளக்கிறது; இது சிதறல். இரண்டாம் பகுதி, திரும்பிய ஆற்றல் எவ்வளவு சீராகப் பங்கிடப்பட்டது என்று பார்க்கிறது; இது விரவல். ஆற்றல் முழுவதையும் வேறொரு திசைக்கே திருப்பிவிடும் பரப்புக்கு முதல் அளவு உயர்ந்தும் இரண்டாவது தாழ்ந்தும் இருக்கும். ஆகவே 'சிதறல் கெழு', 'விரவல் கெழு' இரண்டையும் வைத்துக்கொண்டு, கருவியை 'ஒலிவிரவி' என்போம்.

*

பெரும்பான்மையோர் கருத்துப்படி 'ஒலிவிரவி' அச்சுக்குப் போகட்டும். என் வகுப்பில் 'ஒலிச்சிதறி' என்றே சொல்வேன். மாணவர்கள் தேடுவதற்காகச் சொல்லடைவில் அதையும் சேர்த்துவிடுங்கள்.