அண்ணனின் குடியும் குடல் பாலிப்பும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வயது 52. கொலோனோஸ்கோப்பியில் (கேமரா குழாயால் குடலைப் பார்க்கும் சோதனை) பெருங்குடலில் பாலிப் (உட்சுவரில் வளரும் சிறு கட்டி) தெரிந்து, அதை எடுத்துவிட்டார்கள். அடினோமா வகை, புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் பிற்காலத்தில் அப்படி மாறியிருக்கலாம் என்ற மருத்துவர், குடியை விடச் சொன்னார். அண்ணனோ, "குடித்தால் கெடுவது கல்லீரல்தானே, குடலுக்கு என்ன? அதுவும் நான் குடிப்பது வெறும் பீர்" என்கிறார்.

நான் படித்தவரை சம்பந்தம் இருக்கிறது. ஆல்கஹால் உடலுக்குள் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறுகிறது. குடல் பாக்டீரியாக்களும் அதை உண்டாக்குகின்றன. அது டிஎன்ஏவைச் சிதைக்கும். பீரா விஸ்கியா என்பதல்ல, உள்ளே போகும் எத்தனாலின் (சுத்த ஆல்கஹால்) அளவுதான் கணக்கு. தினமும் 30 கிராமைத் தாண்டினால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் கூடுவதற்கு வலுவான ஆதாரம் உண்டு. 5 சதவீத பீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 40 கிராம்! அண்ணன் அதற்குக் குறைவதே இல்லை.

பாலிப் எடுத்த பிறகு குடியை நிறுத்தியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? வீட்டில் எப்படிப் பேசினார்கள், எது எடுபட்டது? தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்புகூட வரலாம் என்பதால் வற்புறுத்தவும் பயமாக இருக்கிறது. இதற்கு எந்தப் பிரிவு மருத்துவரைப் பார்த்தீர்கள்? அப்புறம், அடுத்த கொலோனோஸ்கோப்பியை உங்களுக்கு எத்தனை வருடம் கழித்துச் சொன்னார்கள்? குடியை நிறுத்த அவருக்குத் தெரியாமல் காப்பியில் கலக்கும் பொடி யோசனை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.