எம்.பி.யிடம் கொடுக்க ஒரு கேள்வி எழுத வேண்டும், உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். எங்கள் ஊரில் நின்றுகொண்டிருந்த ஒரு விரைவு ரயில் கொரோனாவுக்குப் பிறகு நிற்பதே இல்லை. மனு கொடுத்துக் கொடுத்துச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். இந்த முறை எம்.பி.யின் உதவியாளர், "கேள்வியா எழுதிக் கொண்டு வாங்க, மக்களவையில போடலாம்" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சர் அவையிலேயே பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு 20தான், அதுவும் குலுக்கல். அதில் நாலைந்து முடிவதற்குள் மணி 12 ஆகி, கேள்வி நேரமே முடிந்துவிடுகிறது. மற்ற 230 கேள்விகளுக்கு எழுத்தில்தான் பதில். எனக்கு அதுவே போதும், கையில் ஒரு தாளாவது இருக்குமே. 15 நாள் முன்பே கொடுக்க வேண்டுமாம், அதனால்தான் அவசரம்.

"சாத்தியமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்களோ என்பதுதான் பயம். நிறுத்தத்தை எடுத்த காரணம், அப்போதைய டிக்கெட் வருமானம் என்று (அ), (ஆ) போட்டு, நழுவ முடியாதபடி எப்படிக் கேட்பது? இப்படி எழுதிக் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் மாதிரி ஒன்று பகிருங்கள். அப்புறம், பழைய பதில்களை நாடாளுமன்றத் தளத்தில் தேடுவது எப்படி? ஆங்கிலத்தில் எங்கள் ஊர்ப் பெயரை மூன்று விதமாக எழுதுகிறார்கள், சாமி!